கோபாலபுரத்தில் ஒரு மாடி அறை

மத்தியானம் ஒன்றரை மணி. காலை எட்டு மணிக்கே மியூசிக் அகாடமிக்குப் போய் விளக்கவுரைகளைக் கேட்டு, கான்டீனில் இலை போட்டுச் சாப்பிட்டு, கதீட்ரல் சாலையைத் தாண்டி நடந்து வந்து, கோபாலபுரத்து மாடி அறையில் மின்விசிறியைச் சுழலவிட்டுப் படுத்தாயிற்று. பக்கத்துக் கட்டிலில் சித்தி எனக்கு முன்பே தூங்கிவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம், அதில் ரெண்டு மைனா. நாலு மணிக் கச்சேரிக்கு மூன்று மணிக்கு எழுந்தால் போதும். முகம் கழுவி, புடவை மாற்றி, வீட்டுக்கார அம்மா கொடுத்தனுப்பும் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினால் பதினைந்து நிமிட நடை.

மார்கழியில் சென்னைக்கு வந்து இப்படி ஒரு தூக்கம் போட முடிகிற சுகம் இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. மத்தியானம் அறைக்குத் திரும்ப முடிகிற இடத்தில் தங்குங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு விஷயம் சரியாக அமைந்துவிட்டால் சென்னை என்கிற இந்தப் பெரிய ஊர் நம் கைக்குள் வந்துவிடுகிறது. எனக்கு அப்படி அமைந்த இடம் கோபாலபுரம்.

நான் பாளையங்கோட்டைக்காரி. சித்தியும் நானும் பல வருடங்களாக மார்கழியில் பத்து நாள் கச்சேரி கேட்க வருகிறோம். முதல் வருடங்களில் மேடவாக்கத்துக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் வீடு. அன்புக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் காலையில் கிளம்பினால் ராத்திரி பதினொரு மணிக்குத்தான் திரும்ப முடியும். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். இரண்டு கச்சேரிக்கு நடுவே இருக்கும் மூன்று மணி நேரத்தை எங்கே கழிப்பது? சபா வாசல் நாற்காலியிலும் ஜவுளிக்கடைக் குளிரிலும் கழித்தோம். ராத்திரி முக்கியக் கச்சேரியில் ராகம் தானம் பல்லவி தொடங்கும்போது சித்திக்கு இடுப்பு வலி வந்துவிடும், பாதியில் எழுந்து வருவோம். இது ஒரு வருடம் இல்லை, மூன்று வருடம். பிறகு ரயில் நிலையத்தை ஒட்டிய ஒரு லாட்ஜ். இறங்கினதும் அறை, அது ஒரு வசதிதான். ஆனால் ராத்திரி முழுக்கக் கதவு தட்டுகிற சத்தமும், ஜன்னலே இல்லாத சுவரும். நாலாம் நாளே சித்தி ஊருக்குப் போகலாம் என்றாள்.

மாற்றம் வந்தது எங்கேயோ இருக்கிற யோக்யகர்த்தாவிலிருந்து. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன், பிரம்பனான் கோயிலைப் பார்க்க வேண்டும் என்று என்னை ஜாவாவுக்கு அழைத்துப் போனான். ஒன்பதாம் நூற்றாண்டுச் சிவன் கோயில், 47 மீட்டர் உயரம். அதன் தெற்கு அறையில் அகத்தியர் நிற்கிறார். பொதிகை மலையைப் பார்த்து வளர்ந்த எனக்கு அங்கே கண் கலங்கிவிட்டது. அந்த ஊரில் மகன் தேர்ந்தெடுத்த விடுதி மாலியோபோரோ வீதிக்குப் பக்கத்துச் சந்தில். வீதியின் வட முனையில் ரயில் நிலையம், தெற்கே நடந்தால் சுல்தான் அரண்மனை, வாசலுக்கு அருகே டிரான்ஸ் ஜோக்ஜா பேருந்தின் மேடை வைத்த நிறுத்தம். அங்கே ஏறினால் நம் காசுக்கு இருபது ரூபாய்கூட ஆகாமல் பிரம்பனான். வெயில் ஏறினதும் அறைக்கு வந்து படுத்து, சாயங்காலம் மறுபடி வெளியே. அறை சின்னது, ஆனால் ஊர் முழுக்க எங்களுடையது போல இருந்தது. "அம்மா, அறையைப் பாத்து ஊரைத் தேடாதீங்க, ஊரைப் பாத்து அறையைத் தேடுங்க" என்றான். ஊர் திரும்பியதும் சென்னை வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, நாங்கள் போகிற சபாக்கள், கோயில்கள், கடற்கரை எல்லாவற்றுக்கும் பேனாவால் புள்ளி வைத்தேன். நடுவில் விழுந்த இடம் கோபாலபுரம்!

கோபாலபுரத்தின் இருப்பிடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். தெற்கே கதீட்ரல் சாலை. மேற்கே ஜெமினி மேம்பாலமும் அண்ணா சாலையும். கிழக்கே ராயப்பேட்டை. வடக்கே லாயிட்ஸ் ரோடு, இப்போதைய அவ்வை சண்முகம் சாலை. நாடகத்தில் ஔவையாராக வேடமிட்டுப் பெயர் பெற்ற டி.கே. சண்முகத்தின் நினைவாக வைத்த பெயர் அது. இந்த நாலு பெரிய சாலைகளுக்கு நடுவே, முதல் தெரு, இரண்டாம் தெரு என்று எண் போட்ட அமைதியான தெருக்கள். வெளியே பஸ்ஸும் காரும் உறுமிக்கொண்டிருக்கும்போது, உள்ளே திரும்பி ஐம்பது அடி நடந்தால் சைக்கிள் மணி கேட்கிறது. இன்னும் தனி வீடுகள் இருக்கின்றன. வாசலில் கோலம், மதில் மேல் பூனை, இஸ்திரி வண்டி. பெருநகரத்தின் நட்டநடுவில் இப்படி ஓர் இடம் இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

முதல் முறை ஆட்டோவில் வந்ததை மறக்க முடியாது. ஓட்டுநர் வயசானவர்.

"எங்கம்மா போணும்?"

"கோபாலபுரம் போகணும்ணே."

"கலைஞர் வூட்டாண்டயா?"

எனக்குத் தெரு எண் மட்டும்தான் தெரியும். அவரே சொன்னார்: "நாலாவது தெருன்னா அங்கதான்மா. பெருமாள் கோயில் பக்கத்துல. கண்ண மூடிக்கினு வுட்டுருவேன்."

அப்படித்தான் ஆயிற்று. 1950களிலிருந்து மு. கருணாநிதி வாழ்ந்த வீடு நான்காம் தெருவில், வேணுகோபால சுவாமி கோயிலை ஒட்டி இருக்கிறது. 2018 ஆகஸ்டில் அவர் மறைகிறவரை தமிழக அரசியல் செய்திகளில் 'கோபாலபுரம்' என்றாலே அந்த வீடுதான். சற்றுத் தள்ளி அவ்வை சண்முகம் சாலையில் அ.தி.மு.க. தலைமை அலுவலகம். இரண்டு பெரிய கட்சிகளின் முகவரிகளும் நடை தூரத்தில். வெளியூரிலிருந்து வருகிறவருக்கு இதனால் கிடைக்கிற நன்மை பெரியது: சென்னையின் எந்த மூலையில் எந்த ஆட்டோக்காரரிடம் சொன்னாலும் வழி சொல்லித் தர வேண்டியதில்லை. ராத்திரி பத்து மணிக்குக் கச்சேரி முடிந்து கிளம்பும் இரண்டு பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

இனி அறை. இங்கே பெரிய விடுதிகள் எல்லாம் வெளிச் சாலைகளில்தான். கதீட்ரல் சாலையில் நட்சத்திர விடுதியும் உண்டு, நடுத்தர விடுதியும் உண்டு. கிழக்கே ராதாகிருஷ்ணன் சாலையில் சவேரா, நியூ உட்லண்ட்ஸ். நியூ உட்லண்ட்ஸ் வரவேற்பறையில் சீசன் நேரத்தில் நின்றால் போதும், முந்தின நாள் கச்சேரியைப் பற்றி நாலு அபிப்பிராயம் காதில் விழும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆனால் பத்து நாள் தங்குகிறவர்களுக்கு நான் சொல்வது உள் தெருக்களில் இருக்கும் சர்வீஸ் அபார்ட்மென்டும், வீட்டு மாடியை அறைகளாக்கி விடுகிற விருந்தினர் இல்லமும்தான். நாங்கள் தங்குவது அப்படி ஒரு வீடு. வாடகை நட்சத்திர விடுதியின் பாதிகூட வராது. சின்னச் சமையல் மேடை, கெட்டில், துணி உலர்த்த மொட்டை மாடி. நனைந்த புடவையைக் குளியலறைக் கம்பியில் தொங்கவிட்டுத் தவித்த வருடங்களை நினைத்தால் அந்த மொட்டை மாடிக்கே தனியாக வாடகை கொடுக்கலாம்.

அறை எடுப்பதற்கு முன் போனில் கேட்க வேண்டியவை சில. முதல் கேள்வி, எந்தத் தெரு? 'கோபாலபுரம் அருகில்' என்று போட்டிருப்பதை நம்பி முன்பணம் கட்டக்கூடாது. அந்த 'அருகில்' சில சமயம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்கும். கதீட்ரல் சாலையைத் தொடுகிற தெருவா, ராயப்பேட்டைப் பக்கமா என்று கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். ஜன்னல் எந்தப் பக்கம் என்பது அடுத்தது. சாலையைப் பார்த்த அறை வேண்டாம், பின்பக்க அறையைக் கேளுங்கள், அதுதான் மத்தியானத் தூக்கத்துக்கு உகந்தது. பெரியவர்கள் உடன் வந்தால் லிஃப்ட் இருக்கிறதா, இல்லாவிட்டால் எத்தனை படி என்று எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் பதினெட்டுப் படி, நடுவில் ஒரு திருப்பம், சித்தி அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொள்வாள். ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்தால் கேட் திறந்திருக்குமா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். முக்கியக் கச்சேரிகள் முடிய அந்த நேரம் ஆகிவிடும். எங்கள் வீட்டுக்கார அம்மா சாவியையே கையில் கொடுத்துவிட்டார். ஆதார் அட்டை நகல் எல்லா இடத்திலும் கேட்பார்கள், கையோடு இரண்டு வைத்திருங்கள்.

மற்ற இடங்களைக் குறை சொல்லவில்லை. கல்யாண ஜவுளிக்கு வருகிறவர்கள் தியாகராய நகரில்தான் தங்க வேண்டும். பனகல் பூங்காவைச் சுற்றிப் பத்துக் கடை ஏறி இறங்கி, பைகளை அறையில் போட்டுவிட்டு மறுபடி இறங்க வேண்டுமே. வேலை தேடி வரும் பிள்ளைகளுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் இருக்கின்றன. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் கிரீம்ஸ் ரோட்டுப் பக்கம் பார்ப்பார்கள், அங்கே பெயர்ப்பலகைகளில் வங்காள மொழிகூட உண்டு. கடல் காற்று வேண்டும் என்பவர்களுக்கு பெசன்ட் நகர். மயிலாப்பூர் மாட வீதியில் தங்கினால் கபாலியே எழுப்பிவிடுவார், ஆனால் அங்கே அறை கிடைப்பது அரிது. நானோ காலையில் விளக்கவுரை, மத்தியானம் இளையவர்கள் கச்சேரி, சாயங்காலம் ஒன்று, ராத்திரி ஒன்று என்று ஓடுகிறவள். இந்த ஓட்டத்துக்குக் கோபாலபுரத்தை மிஞ்ச ஆளில்லை.

ஊரிலிருந்து வந்து சேருகிற வழியைச் சொல்கிறேன். நாங்கள் நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர் வந்து இறங்குவோம். அங்கேயே மெட்ரோ நிலையம். பச்சைத் தடத்தில் ஒரே நிலையம், சென்ட்ரல். அங்கே நீலத் தடத்துக்கு மாறி விமான நிலையம் பக்கம் போகும் ரயிலில் ஏறினால் அரசினர் தோட்டம், எல்.ஐ.சி., ஆயிரம் விளக்கு, அடுத்து ஏஜி–டிஎம்எஸ். கடைசி இரண்டில் எதில் இறங்கினாலும் கோபாலபுரம் சிறு ஆட்டோ சவாரிதான். பெட்டி இல்லாவிட்டால் நடந்தே வந்துவிடுவேன். கிளாம்பாக்கத்தில் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் மலைக்க வேண்டாம். 2023 டிசம்பர் 30 அன்று அந்தப் புதிய நிலையம் திறந்தபோது 'ஊருக்கு வெளியே போயிற்றே' என்று நானும் கவலைப்பட்டேன். அங்கிருந்து மாநகரப் பேருந்தில் விமான நிலையம் வரை வந்து மெட்ரோ ஏறினால் நேராக டிஎம்எஸ், நெரிசலே தெரியாது. மெட்ரோவில் எவ்வளவு தூரம் போனாலும் கட்டணம் 50 ரூபாயைத் தாண்டாது. அந்தச் சுத்தம், அந்தக் குளிர், தமிழில் அடுத்த நிலையத்தைச் சொல்லும் அந்தக் குரல்! சித்தி முதல் தடவை ஏறியபோது இறங்கவே மனமில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் என் மனசைப் பறிகொடுத்தது 29சி பஸ்ஸிடம்.

ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி நிறுத்தத்தில் நின்றால் வரும். பெரம்பூரிலிருந்து புறப்பட்டு, நுங்கம்பாக்கம், ஜெமினி வழியாகக் கதீட்ரல் சாலைக்குள் நுழைந்து, லஸ், மந்தைவெளி, அடையாறு என்று போய் பெசன்ட் நகரில் முடிகிற பஸ். ஒரே பஸ்ஸில் மயிலாப்பூரும் உண்டு, அடையாறும் உண்டு, கடலும் உண்டு. கல்லூரிப் பெண்கள், பூக்காரி, வங்கி ஊழியர், வீணையை உறையோடு மடியில் வைத்துக்கொண்ட ஒரு மாமி என்று ஊரே அதில் உட்கார்ந்திருக்கும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் நெல்லை டவுன் பஸ்ஸிலும் உண்டுதான், ஆனால் தெரியாத ஊரில் அதன் அருமை வேறு. தப்பான பஸ் ஏறிவிட்டோமோ, இறங்கி மறுபடி சீட்டு வாங்க வேண்டுமோ என்ற பயமே போய்விட்டது. முகப்பில் இளஞ்சிவப்பு அடித்த பஸ் வந்தால் ஏறுவோம், வேறு வழியில் போனால் இறங்கி அடுத்ததில் ஏறுவோம். ஒரு நாள் மத்தியானம் கச்சேரி எதுவும் பிடிக்காததால் 29சியில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போனோம். எலியட்ஸ் கடற்கரையில் ஷ்மித் நினைவு மண்டபத்தின் வெள்ளை வளைவுக்கருகே மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றுவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பி ஏழு மணிக் கச்சேரிக்கு வந்துவிட்டோம். செலவு சுண்டலுக்கு மட்டும்.

இப்போது லஸ், மயிலாப்பூர், ராதாகிருஷ்ணன் சாலைப் பக்கமெல்லாம் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடப்பதால் நிறுத்தங்கள் அவ்வப்போது இடம் மாறுகின்றன. நிறுத்தத்தில் நிற்கும் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள். மாதவரத்திலிருந்து சிறுசேரிக்கும், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கும் போகிற இரண்டு தடங்கள் திருமயிலையில் பூமிக்கடியில் சந்திக்கப் போகின்றன. அது முடிந்து வரும் முதல் மார்கழியை இப்போதே எண்ணிக் காத்திருக்கிறேன்.

இன்னொரு காதல், பறக்கும் ரயில். 1995இல் கடற்கரைக்கும் சேப்பாக்கத்துக்கும் இடையே தொடங்கி, 1997இல் திருமயிலைக்கு வந்து, 2007இல் வேளச்சேரி தொட்டது. நாட்டிலேயே முதலில் வந்த உயர்மட்ட ரயில் பாதை. அஞ்சு ரூபாய் சீட்டு. திருமயிலையில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் மொட்டை மாடிகளில் காயும் வடகமும், தென்னந்தலைகளும், பிறகு அடையாறு ஆற்றின் அகன்ற நீரும் கண்ணுக்குக் கீழே ஓடுகின்றன. கலாக்ஷேத்ராவில் நாட்டியம் பார்க்கத் திருவான்மியூர் போனது இதில்தான். சாலையில் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும் தூரத்தை இந்த ரயில் விளையாட்டுப் போலக் கடந்துவிட்டது. கோட்டூர்புரத்தில் இறங்கினால் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம். சித்தி ஒரு முழுக் காலையை அங்கே தமிழ்ப் பிரிவில் கழித்தாள்.

ஆட்டோவுக்குச் செயலிகள் வந்துவிட்டன. கட்டணம் முன்கூட்டியே தெரிவதால் பேரம் இல்லை. 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலியில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் சீட்டு எடுக்கலாம். பக்கத்து அறையில் தங்கியிருந்த கல்லூரிப் பெண் என் போனில் அதை ஏற்றித் தந்தாள். அன்றிலிருந்து சித்தி எங்கே நின்றாலும் "போன்ல பாருளா, பஸ் எங்க வருதுன்னு" என்கிறாள்.

ஆனாலும் கோபாலபுரத்தில் தங்குவதன் முழுச் சுவை நடப்பதில்தான் இருக்கிறது. விடியலில் ஐந்து மணிக்கு வேணுகோபால சுவாமி கோயிலுக்குப் போவோம். பனியும், துளசி வாசமும், திருப்பாவையும். இலைத் தொன்னையில் கொஞ்சம் வெண்பொங்கல். வெளியே வந்தால் ஆவின் பால் வண்டியும் கோலம் போடும் பெண்களும். ஒரு வாசலில் ஊடுபுள்ளிக் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் சித்தி நின்று புள்ளிக் கணக்குக் கேட்டாள். மறுநாள் அந்த அம்மா எங்களுக்காகவே புதிதாக ஒன்று போட்டு வைத்திருந்தார்.

அப்படியே கதீட்ரல் சாலைக்கு வந்தால் மேற்கே செம்மொழிப் பூங்கா. ஒரு காலத்தில் காரிலேயே உட்கார்ந்து தோசை சாப்பிடும் டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் இருந்த இடம். 1962இல் தொடங்கி 2008இல் மூடினார்கள், 2010 நவம்பரில் அது பூங்காவாகத் திறந்தது. எதிர்ப்புறம் 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவும் வந்துவிட்டது. அதற்கும் அப்பால் ஜெமினி மேம்பாலம், 1973இல் கட்டியது, இந்த ஊரின் முதல் மேம்பாலம். ஸ்டுடியோ போய் எத்தனையோ காலமாகியும் ஜெமினி என்கிற பெயர் மட்டும் ஊர் வாயில் அப்படியே இருக்கிறது. பாலத்தடியில் குதிரையை அடக்கி நிற்கும் வீரன் சிலையைப் பார்த்தால்தான் எனக்குச் சென்னை வந்த மாதிரி இருக்கும்.

இந்தச் சாலைக்குப் பெயர் தந்த புனித ஜார்ஜ் கதீட்ரலைப் பலர் பஸ்ஸில் கடந்தே போய்விடுகிறார்கள். உள்ளே போய்ப் பாருங்கள். 1815இல் கட்டிய வெள்ளைக் கோயில், உயர்ந்த தூண்கள், பளிங்கு நினைவுச் சிற்பங்கள், சுற்றிலும் மரங்கள். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானது இந்த மண்டபத்தில்தான். ஊரில் பாளையங்கோட்டைக் கோபுரங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தத் தகவல் தெரிந்ததும் அந்த வளாகம் இன்னும் நெருக்கமாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி அகாடமியில் கச்சேரி முடிந்து, காதில் மத்யமாவதி ஒலித்துக்கொண்டிருக்க, நேரே கதீட்ரல் வளாகத்துக்கு நடந்தோம். மரமெல்லாம் விளக்கு, உள்ளே பாட்டு. சித்தி கைகூப்பி நின்றாள். மங்களமும் கீதமும் ஒரே ராத்திரியில் ஒரே சாலையில் கிடைக்கிற ஊர் வேறு எது?

மியூசிக் அகாடமியைப் பற்றித் தொடங்கினால் நிறுத்த மாட்டேன். 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே நடந்த இசை மாநாட்டில் கருக்கொண்டு, 1928இல் பிறந்த சபை. சாயங்காலச் சீட்டு கிடைக்காவிட்டால் வருந்தாதீர்கள். மத்தியானத்தில் இளம் வித்வான்கள் பாடுகிற கச்சேரிகளுக்குப் பல சபாக்களில் காசே வாங்குவதில்லை. நாளைய பெரிய பெயர்களை இன்றே முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். அங்கிருந்து டி.டி.கே. சாலையில் தெற்கே நடந்தால் நாரத கான சபா. இரண்டு சபாவையும் நடந்தே எட்ட முடிகிறவருக்கு, ஒன்றில் பிடிக்காவிட்டால் மற்றதில் போய் உட்காரும் சுதந்திரம் கிடைக்கிறது. மேடவாக்கத்திலிருந்து வந்த காலத்தில் அது கனவு.

மயிலாப்பூர் இல்லாமல் பத்து நாளும் கழியாது. காலையில் அருண்டேல் தெருவில் ராயர் மெஸ்ஸுக்குப் போய் வரிசையில் நின்று, இட்லிக்கு அந்தக் கெட்டிச் சட்னியைத் தொட்டுக்கொண்டால் நின்ற களைப்பு போய்விடும். கபாலீஸ்வரர் தரிசனம், தெற்கு மாட வீதியில் பச்சைக் காய்கறி, காளத்தி கடையில் ரோஸ்மில்க். மார்கழி விடியலில் மாட வீதிகளைச் சுற்றும் பஜனையை ஒரு நாளாவது கேட்க வேண்டும். பாபநாசம் சிவன் நடந்து பாடிய வீதிகள் அவை. அன்றைக்கு மட்டும் நாலு மணிக்கே எழுந்து ஆட்டோ பிடிப்போம், சாலையில் ஈ காக்கை இருக்காது, பத்து நிமிடத்தில் கோயில் வாசல். ஜனவரியில் தங்குகிறவர்களுக்கு வடக்கு மாட வீதியில் கோலப் போட்டியும் கிடைக்கும்.

தியாகராய நகருக்கு ஒரே ஒரு சாயங்காலம் ஒதுக்குவோம். பாண்டி பஜாரில் 2019இல் அகலமான நடைபாதை போட்ட பிறகு அங்கே நடப்பதே ஒரு சந்தோஷம். சித்திக்கு ஒரு சுங்குடி, எனக்குக் கண்ணாடி வளையல், முடிந்தது.

போன வருடம் கடைசி நாள். பெட்டியைக் கட்டிவிட்டு, ஆட்டோ வர இன்னும் அரை மணி இருந்தது. வீட்டுக்கார அம்மா மேலே வந்து, கையில் ஒரு பொட்டலம் ரவா லட்டும் மஞ்சள் குங்குமமும் கொடுத்தார்.

"அடுத்த மார்கழிக்கு வருவீங்கல்ல? வெளிநாட்டுக்காரங்க ஆவணியிலேயே கேக்க ஆரம்பிச்சிடுறாங்கம்மா."

"வேப்பமரத்துப் பக்கத்து ரூம எங்களுக்கே வச்சிருங்கக்கா. ஆடி முடிஞ்சதும் பணம் அனுப்பிருதேன்."

அனுப்பியும் விட்டேன். ரயிலுக்கு அறுபது நாள் முன்பதிவு. திறக்கிற அன்று காலை எட்டு மணிக்கு முன்னாலேயே போனும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். சித்தி பக்கத்தில் சமையலைப் போட்டுவிட்டு வந்து நின்றாள். நெல்லை எக்ஸ்பிரஸில் இரண்டு கீழ் படுக்கை உறுதியாயிற்று என்று காட்டினதும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"ஏளா, மூணு மணிக்குக் காபி குடுப்பாவளே, அந்த மாடிதான?"